நாளது தேதி வரை நல்லவர்

மெட்ராஸிலிருந்து ஒரு கப்பல் வந்து போய்விட்டால், அடுத்த கப்பல் வரும்வரை போர்ட் பிளேர் அதிகாரிகளுக்குச் செய்வதற்கு அதிகம் இருக்காது. கோப்புகள் கப்பலில்தான் வரும். பதில்களும் கப்பலில்தான் போகும். நடுவில் கிடக்கும் நாட்களில் சிலர் சீட்டாடினார்கள், சிலர் குடித்தார்கள். இரண்டும் பிடிக்காதவர்களும், இரண்டுக்கும் வீட்டில் அனுமதி கிடைக்காதவர்களும் சேர்ந்து 'மனச்சாட்சி மன்றம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள்.

மனம், ஒழுக்கம், சமயம், சமுதாயம் ஆகிய நான்கையும் ஆராய்ந்து முடிவு காண்பது மன்றத்தின் நோக்கம். மன்றம் சுறுசுறுப்பாகவே வேலை செய்தது. ஆரம்பித்த வருடத்திலேயே கடவுள் உண்டா என்ற கேள்வியை ஏழுக்கு நான்கு என்ற வாக்கில் தீர்த்துவிட்டார்கள். ஆத்மா பற்றிய தீர்மானம் மட்டும் ஒரு திருத்தத்தோடு நிலுவையில் இருந்தது. தலைவர் சொக்கலிங்கம் ஓர் இலாகாவில் பெரிய அதிகாரி. பேச எழுந்தால் மின்சாரம் போனாலும் உட்காரமாட்டார்.

இந்த மன்றத்துக்கும் ஜம்புலிங்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்திருக்க வேண்டியதில்லை. அவர் ஊரின் ஜங்லிகாட் பகுதியில் சலூன் வைத்திருந்தார். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. மன்றத்து உறுப்பினர்களில் பெரும்பாலானோர் அவரிடம்தான் கழுத்தை நீட்டினார்கள். ஜம்புலிங்கம் ஷேவ் செய்தால் கன்னத்தில் கத்தி போனதே தெரியாது என்று பெயர்.

அவர் தீவிலேயே பிறந்தவர். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு மிராசுதாரின் கணக்குப்பிள்ளையை வெட்டிவிட்டுக் கப்பலேறி வந்தவர். இதை யாரும் மறைத்ததில்லை. ஊரில் பாதிப் பேருடைய தாத்தா ஏதாவது செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளாக வந்தவர்கள் காட்டை வெட்டி வீடு கட்டி, கிடைத்த பெண்ணைக் கட்டிப் பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாதித் தமிழும் பாதி இந்தியுமாகப் பேசிக்கொண்டு ஒற்றுமையாக இருந்தார்கள். யார் வீட்டிலும் பூட்டு கிடையாது. மெயின்லேண்டிலிருந்து அதிகாரிகள் வந்த பிறகுதான் பூட்டு விற்கும் கடை வந்தது.

ஜம்புலிங்கத்தின் ஒரே மகள் சந்திரமதி ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான் அழகேசன். கும்பகோணத்துப் பையன், கப்பல் ஆபீஸில் கிளார்க், மன்றத்திலும் உறுப்பினன். அவளுக்கும் விருப்பம்தான். அழகேசன் தன் அப்பாவுக்கு எழுதினான். பெண்ணின் சாதி என்ன என்று அவர் பதில் எழுதினார். இந்தத் தீவில் சாதியெல்லாம் கிடையாது என்று இவன் பெருமையாக எழுதினான். அப்படியானால் வம்சமாவது என்ன என்று அவர் கேட்டார். வம்சத்தை இவனால் எழுத முடியவில்லை.

ஒருநாள் அவன் சலூனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிசைந்தான்.

"மாமா, ஒண்ணுமில்ல, ஒரு ஃபார்மாலிட்டி. எங்க மன்றத்துக்கு மெயின்லேண்டுலேர்ந்து ஒரு டாக்டர் வந்திருக்கார். பரம்பரையையும் மனசையும் ஆராய்ச்சி பண்றவர். அவர் உங்களைப் பார்த்து, 'இவர் நல்லவர்'னு ஒரு வரி குடுத்தாப் போதும். எங்கப்பா ஒத்துக்குவார்."

ஜம்புலிங்கம் தோல்வாரில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "நான் நல்லவன்தானே தம்பி? ஜங்லிகாட்ல யாரை வேணா பூச் லோ, கேட்டுப் பாருங்க."

"அது நமக்குத் தெரியும் மாமா. விஞ்ஞானப்படி தெரியணும்."

ஜம்புலிங்கத்தின் மனைவி செல்லம் இதைக் கேட்டதும் புருஷனுக்குச் சலவைச் சட்டை எடுத்து வைத்தாள். மகளுக்கு நல்லது நடக்குமென்றால் ஒரு டாக்டர் நாடி பார்ப்பதில் என்ன கெட்டுவிடும் என்றாள்.

டாக்டர் திருநாவுக்கரசு நாடி பார்க்கவில்லை. ஒல்லியாக, கழுத்துவரை பித்தான் போட்ட சட்டையோடு இருந்தார். 'குற்றமும் குருதியும்' என்று ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். குற்றவாளிகளின் பேரன்மார் ஒரே இடத்தில் இத்தனை பேர் கிடைப்பது உலகத்திலேயே அரிது என்று கப்பலிலிருந்து இறங்கிய அன்றே சொல்லியிருந்தார். ஜம்புலிங்கத்தைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கொலைகாரர் பேரன். கையில் கத்தி. பரம்பரை தனக்கு வேண்டிய தொழிலைத் தானே தேடிக்கொள்கிறது, பார்த்தீர்களா?" என்றார் சொக்கலிங்கத்திடம்.

"சாப், எங்க அப்பா பேக்கரில ரொட்டி சுட்டவரு. யுத்தத்துல ஜப்பான்காரன் தீவைப் பிடிச்சப்போ பேக்கரி போச்சு. அதான் நான் இந்த வேலை கத்துக்கிட்டேன்," என்றார் ஜம்புலிங்கம்.

"உனக்குத் தெரியாமல்தான் அது தேடும்," என்றார் டாக்டர் கனிவாக.

முதல் சோதனை ஜம்புலிங்கத்துக்கே தெரியாமல் நடந்தது. சொக்கலிங்கம் ஷேவ் செய்துகொள்ள வந்து, தங்க மூடி போட்ட பேனாவை வேண்டுமென்றே நாற்காலியில் விட்டுப் போனார். ஜம்புலிங்கம் அதைப் பார்த்ததும், பெஞ்சில் ஒருவரைச் சோப்பு நுரையோடு உட்காரவைத்துவிட்டு, தெருக்கோடிவரை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஓடினானா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஓடிவந்தான்."

"நடந்து வந்திருந்தால் நேர்மை. ஓடினான் என்றால் உள்ளே ஏதோ துரத்துகிறது."

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே பேனாவை மன்றத்து ஹாலிலும் ஒரு மாலை மேஜைமேல் விட்டுவைத்தார்கள். கூட்டம் முடிவதற்குள் அது காணாமல் போயிற்று. ஹாலில் உறுப்பினர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. உறுப்பினர்கள் ஆராய்ச்சி செய்பவர்களே தவிர ஆராயப்படுபவர்கள் அல்ல என்பதால் அந்தச் சோதனை கணக்கில் சேராது என்று டாக்டர் விளக்கினார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சொக்கலிங்கம் மட்டும் கொஞ்சநாள் மற்றவர்களுடைய சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

அடுத்தது சொல் சோதனை. டாக்டர் ஒரு சொல் சொல்வார், உடனே மனதில் தோன்றுவதை ஜம்புலிங்கம் சொல்லவேண்டும். யோசிக்கக் கூடாது.

"கத்தி."

"சாணை."

"கழுத்து."

"துண்டு."

மன்றத்தில் ஒரு சலசலப்பு.

"கழுத்துல சுத்துற துண்டு சாப்," என்றார் ஜம்புலிங்கம் அவசரமாக.

"விளக்கம் வேண்டாம். ரத்தம்."

"படிகாரம்."

"அதாவது ரத்தத்தைக் கண்டதும் அதை நிறுத்தி, தடயம் தெரியாமல் துடைத்துவிடும் எண்ணம்," என்று டாக்டர் உறுப்பினர்களுக்கு மொழிபெயர்த்தார். "சரி. மனைவி."

ஜம்புலிங்கம் ஒரு கணம் தயங்கினார். அத்தனை ஆண்களுக்கு நடுவில் செல்லத்தைப் பற்றி என்ன சொல்வதென்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார்.

இதோடு விட்டிருந்தால்கூட ஏதாவது ஒரு வரி கிடைத்திருக்கும். ஆனால் ஓர் உறுப்பினர் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்டார். ஜம்புலிங்கம் கேட்டதற்குப் பதில் சொன்னார். அவருடைய அண்ணனை ஒற்றன் என்று பிடித்துக்கொண்டு போய் அடித்தே கொன்றார்கள். அடிக்கச் சொன்ன ஆபீசருக்கு மறுவாரம் ஷேவ் செய்ய இவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். போகாவிட்டால் தலை போகும். போனார்.

டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "அப்போது உன் கையில் கத்தி இருந்தது."

"இருந்துச்சு சாப்."

"அவன் கழுத்து உன் எதிரில் இருந்தது."

"ஷேவிங்னா கழுத்து எதிர்லதானே சாப் இருக்கும்."

"அறுக்கவேண்டும் என்று எண்ணம் வந்ததா?"

ஜம்புலிங்கம் பொய் சொல்லியிருக்கலாம். இருபது வருடத்துக்கு மேல் அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. செல்லத்துக்குக்கூடத் தெரியாது. ஆனால் மனச்சாட்சியைப் பார்ப்பதற்கென்றே பெரிய மனிதர்கள் கூடியிருக்கும் இடத்தில் பொய் சொல்வது மரியாதையில்லை என்று அவருக்குப் பட்டது.

"வந்துச்சு சாப்."

ஹாலில் பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏன் அறுக்கவில்லை?"

"தெரியல சாப். நுரை காஞ்சிட்டிருந்துச்சு. ஷேவ் பண்ணி முடிச்சேன். முகத்தைத் துடைச்சு விட்டேன். வீட்டுக்கு வந்துட்டேன்."

உறுப்பினர்கள் இரண்டு பிரிவானார்கள். எண்ணம் வந்ததால் அவர் உள்ளத்தால் கொலைகாரர் என்றது ஒரு பிரிவு. எதிரியின் கழுத்து கிடைத்தும் அறுக்காததால் தேசபக்தி இல்லாதவர் என்றது மற்றது. தலைவர் இரண்டையும் தீர்மானமாகப் போட்டார். இரண்டும் ஏகமனதாக நிறைவேறின.

அன்று சொக்கலிங்கம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். "நண்பர்களே! மனிதன் தவறு செய்வது இரண்டு வகை. ஒன்று பரம்பரை, மற்றொன்று சூழ்நிலை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் விஷயமாக என்மேல் ஒரு விசாரணை நடந்தது. அதன்பேரில்தான் என்னை இந்தத் தீவுக்கு மாற்றினார்கள். ஆனால் என் தாத்தா தாசில்தார்! ஆகவே அது சூழ்நிலை. சிமெண்ட் அங்கே இருந்தது, நான் அங்கே இருந்தேன். ஜம்புலிங்கத்தின் நிலைமை அப்படியல்ல. அவன் இதுவரை ஒன்றும் செய்யவில்லை. அதனால் அவனைச் சூழ்நிலை என்று சொல்லி மன்னிக்க நமக்கு வழியே இல்லை."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. ஜம்புலிங்கமும் தட்டினார். தட்டாமலிருந்தால் அதையும் எழுதுவார்களோ என்று பயமாக இருந்தது.

கடைசிச் சோதனை பகிரங்கமாக நடந்தது. உறுப்பினர்களின் குடும்பத்தாரும் வந்திருந்தார்கள். மேடையில் ஜம்புலிங்கத்தின் நாற்காலியையே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இருபுறமும் தடியோடு ஒவ்வொரு கான்ஸ்டபிள். யாராவது ஓர் உறுப்பினர் உட்கார, ஜம்புலிங்கம் ஷேவ் செய்யவேண்டும். அவர் கண்களை டாக்டர் கவனிப்பார்.

முந்தின மாதம்வரை இதே கழுத்துகள் தினமும் ஜங்லிகாட்டுக்கு வந்து போனவைதாம். இன்று ஒருவர் தாடிக்கு வேண்டுதல் இருப்பதாகச் சொன்னார். ஒருவர் காலையிலேயே தானே ஷேவ் செய்துகொண்டதாகச் சொல்லிக் காயங்களைக் காட்டினார். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"தலைவர் என்ற முறையில் என் கழுத்து மன்றத்தின் பொதுச்சொத்து. செயற்குழு தீர்மானம் இல்லாமல் நான் அதைத் தரமுடியாது," என்றார் சொக்கலிங்கம்.

கடைசியில் அழகேசனை உட்காரவைத்தார்கள். மருமகனாக வரப்போகிறவன், அவனுக்கு நம்பிக்கை இருக்காதா என்று யாரோ சொன்னார்கள். அவன் சிரித்துக்கொண்டே வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

ஜம்புலிங்கம் துண்டைச் சுற்றினார். நுரை பூசினார். கத்தியைத் திறந்ததும் ஹாலில் இருமல்கூட இல்லை. அழகேசன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவன் குரல்வளை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க தம்பி," என்றார் மெல்ல.

"பயமெல்லாம் இல்ல மாமா," என்றான் அவன். நுரைக்கு மேலே நெற்றி முழுக்க வேர்த்திருந்தது.

எத்தனையோ கழுத்துகளைப் பார்த்தவர் ஜம்புலிங்கம். தன் கைக்கு நடுங்கும் கழுத்தை அன்றுதான் பார்த்தார். அந்த ஆபீசர்கூட நடுங்கவில்லை. அவன் குறட்டைவிட்டுத் தூங்கினான். ஆனாலும் கை பழக்கத்தில் வேலை செய்தது. ஒரு கீறல் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செல்லமும் சந்திரமதியும் மூச்சுவிட்டார்கள்.

டாக்டர் எழுந்தார். "இரண்டு கான்ஸ்டபிள்கள் இருக்கும்போது இவரால் ஆபத்தில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. கான்ஸ்டபிள்கள் இல்லாதபோது என்ன என்பதை விஞ்ஞானம் இன்னும் சொல்லமுடியாது."

சான்றிதழ் ஒரு வாரத்தில் முத்திரையோடு வந்தது. 'நாளது தேதி வரை மேற்படியார் குற்றம் ஏதும் புரிந்ததாகத் தெரியவில்லை. எண்ணம் உண்டு. சந்தர்ப்பம் தினமும் உண்டு. பொதுமக்கள் தங்கள் விருப்பம்போல் நடந்துகொள்ளலாம்.' நல்லவர் என்ற சொல் முதலில் இருந்ததாகவும், திருத்தத்தில் போய்விட்டதாகவும் அழகேசன் சொன்னான்.

பொதுமக்கள் தங்கள் விருப்பம்போல் நடந்துகொண்டார்கள். முதலில் அதிகாரிகள் நின்றார்கள். பிறகு கடைக்காரர்கள் நின்றார்கள். ஜங்லிகாட்டுக்காரர்கள் தலைமுடி மட்டும் வெட்டிக்கொண்டு, தாடிக்கு நேரமில்லை என்று எழுந்து போனார்கள். அவர்களுடைய தாத்தாக்களும் இதே கப்பலில் வந்தவர்கள்தாம். சான்றிதழ் அவர்களுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அழகேசன் சந்திரமதியைக் கப்பல் நிற்கும் ஜெட்டிக்கு வரச்சொல்லிப் பேசினான்.

"எங்கப்பா ஒத்துக்கல. அவர் கிடக்கட்டும்னு நானும் யோசிச்சேன். ஆனா நாளைக்குக் குழந்தைங்கன்னு வந்தா..."

"அன்னிக்கு உங்க கழுத்துல ஒரு கீறல் விழுந்துச்சா?"

"இல்ல."

"பின்ன என்ன?"

"அதான் பயமாயிருக்கு மதி. அவ்வளவு சுத்தமா."

அவள் வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தினாள். மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். அடுத்த மாதம் அவன் மாயாபந்தருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனதை யாரோ சொல்லித்தான் ஜம்புலிங்கம் தெரிந்துகொண்டார்.

செல்லம் அழுதுவிட்டு ஓய்ந்தாள். பிறகு ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அந்த ஜப்பான்காரன் விஷயத்த என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்ன சொல்றது? ஒண்ணும் நடக்கலையே."

"எண்ணம் வந்துச்சே." குழம்புக் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "என்னைப் பார்த்து எப்பவாச்சும் அப்படித் தோணுச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், மன்றத்தில் பழகிய பழக்கத்தில், ஒருமுறை யோசித்துப் பார்த்தார். இருபத்தைந்து வருடக் குடித்தனம். எத்தனையோ சண்டை. கோபம் வந்திருக்கிறது. கோபத்தில் என்னென்ன வந்தது என்று அவர் எப்போதும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். அங்கே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

"இல்ல செல்லம்."

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமாச்சு," என்றாள் அவள். குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து சமையல் முடிந்ததும் அரிவாள்மனையைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவாள். தெரிந்து செய்தாளா, கைபோக்கில் செய்தாளா என்று அவர் கேட்கவில்லை.

சலூனுக்குப் பல நாள் கழித்து ஒரு கழுத்து வந்தது. திக்லிபூர்ப் பக்கத்துப் படகுக்காரர். ஊர்ச்செய்தி எதுவும் தெரியாதவர். ஒரு வாரத் தாடியோடு வந்து நாற்காலியில் சாய்ந்து, "ஜல்தி பாய்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜம்புலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் கை பரபரத்தது. நுரையைத் தாராளமாகப் பூசினார். வலது கன்னம் முடிந்தது. முகவாயை நிமிர்த்திக் கத்தியைக் கழுத்துக்குக் கொண்டுபோனபோது அந்த எண்ணம் வந்தது. கோபம் இல்லை. பகை இல்லை. இந்த ஆளை அவர் முன்பின் பார்த்ததுகூட இல்லை. இப்போது எண்ணம் வருமோ என்று நினைத்தார், வந்துவிட்டது. வந்ததை விரட்டப் பார்த்தார். விரட்ட விரட்ட அது கத்தி முனையிலேயே உட்கார்ந்தது. கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"க்யா ஹுவா பாய்?"

"ஒண்ணுமில்ல. குச் நஹி. நீங்க எந்திரிங்க."

"ஆதா ஹி ஹுவா!" பாதிதான் ஆகியிருக்கிறது என்று அந்த ஆள் கன்னத்தைக் காட்டிக் கத்தினார். ஜம்புலிங்கம் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, வாசல்வரை கொண்டுபோய் விட்டார். கத்தியைக் கழுவி மடித்தார். கடைக்கு அந்த வாரமே பூட்டு வாங்கினார்.

செய்தி மன்றத்துக்கு எட்டியது. டாக்டர் கண்ணீர் மல்கினார் என்று சொல்கிறார்கள். ஒரு கணிப்பு, கணிக்கப்பட்டவராலேயே நிரூபிக்கப்படுவது விஞ்ஞான வரலாற்றில் அரிது என்றார். அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை பிரிவுபசாரக் கூட்டம் நடந்தது. அதிலேயே ஜம்புலிங்கத்துக்கும் மாலை போட்டார்கள்.

"தன்னைத் தானே வென்ற தியாகி!" என்றார் சொக்கலிங்கம். "இந்த மன்றம் இல்லாவிட்டால், இவர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே, இன்னும் ஊரார் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டிருந்திருப்பார். நாமும் தெரியாமலே நிம்மதியாக உட்கார்ந்திருப்போம். எவ்வளவு பெரிய ஆபத்து!" அவர் கன்னத்தில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கப்பலில் புதிதாக வந்த நாவிதர் ஒருவரிடம் இப்போது போய்க்கொண்டிருந்தார். வெட்டுகிறான், ஆனால் வம்சம் சுத்தம் என்று எல்லோரிடமும் சொன்னார்.

கூட்டத்தின் முடிவில் ஜம்புலிங்கத்துக்கு மன்றத்திலேயே பியூன் வேலை கொடுப்பதாக அறிவித்தார்கள். நாற்காலி போடவேண்டும், பெருக்கவேண்டும். காகிதம் வெட்டும் கத்தி இருக்கும் அலமாரியின் சாவி மட்டும் செயலாளரிடம் இருக்கும். அவர் ஒப்புக்கொண்டார். வேறு வேலை தெரியாது.

மறுநாள் சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். சந்திரமதி வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். செருப்பெல்லாம் சேறு. உள்ளே போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு வகுப்புல ஒருத்தி சிலேட்டை உடைச்சுட்டாப்பா. கை ஓங்கிட்டேன்."

"அடிச்சியா?"

"அடிக்கல." தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "ஆனா எண்ணம் வந்துச்சு. ரத்தத்துல வர்றதுன்னா எனக்கும் இருக்கும்ல?"

ஜம்புலிங்கமும் அந்தக் கையைப் பார்த்தார். மகளின் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தார். பிடிக்கவில்லை.

"டாக்டரைக் கேட்டுடலாம்னு பள்ளிக்கூடம் விட்டு நேரா ஜெட்டிக்கு ஓடினேன்பா. கப்பல் கிளம்பிடுச்சு. கையாட்டிக்கிட்டே போறாரு."

"அடுத்த கப்பல் எப்போம்மா?" என்று கேட்டார், ஏதாவது கேட்கவேண்டுமே என்று.

"கப்பல் வரும்பா," என்றாள் சந்திரமதி. "அவரு வரமாட்டாரு."